பந்தி விசாரணையும் சபை வளர்ச்சியும்: வேதபாடக் கூட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் குருவானவர் அல்ல. தென் மாவட்டத்துக் கிராமச் சபை ஒன்றில் ஞாயிறு பள்ளி வாத்தியார். வெள்ளிக்கிழமை இரவு வேதபாடக் கூட்டம் நடத்துகிறவன். அந்தக் கூட்டத்தில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லிப் பார்த்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாப் பதிலும் முடிந்த பதில் என்று நினைத்துவிட வேண்டாம்.

வாராவாரம் பிரசங்கம் கேட்கிறோம், தினமும் வேதம் வாசிக்கிறோம். ஆனாலும் வாழ்க்கையில் ஒன்றும் மாறவில்லையே, ஏன்?

யாக்கோபு தன் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் கண்ணாடி பார்க்கிற ஒருவனைப் பற்றிச் சொல்கிறார். அவன் பார்க்காமல் போனவன் இல்லை. நன்றாகத்தான் பார்த்தான். அந்த இடத்தைவிட்டு நகர்ந்ததும் தன் முகம் எப்படி இருந்தது என்பதை மறந்துவிட்டான், அவ்வளவுதான். "திருவசனத்தைக் கேட்கிறவர்களாய் மாத்திரமல்ல, அதின்படி செய்கிறவர்களாயும் இருங்கள்" என்ற வசனத்துக்கு அடுத்தே இந்த ஆள் வருகிறான்.

நம் கூட்டங்கள் முடிகிற விதத்தைக் கவனியுங்கள். "ஆண்டவரே, நாங்கள் அன்புள்ளவர்களாய் வாழக் கிருபை தாரும், ஆமென்." யாரிடம் அன்பு? எந்தக் கிழமை? ஒன்றும் கிடையாது. பாடத்தில் ஓர் ஆளின் பெயரும் ஒரு நாளும் இல்லாவிட்டால், கோயில் வாசலில் செருப்பைத் தேடுகிற நேரத்துக்குள் அது போய்விடும்.

என் கதையையே சொல்கிறேன். எனக்கும் என் சித்தப்பா மகனுக்கும் காம்பவுண்டுச் சுவர் விஷயத்தில் தகராறு. மூன்றடி நிலம். நான்கு வருஷம் பேச்சு இல்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிற மத்தேயு 5-ஆம் அதிகாரப் பாடத்தை அந்த நான்கு வருஷத்துக்குள் இரண்டு தடவை நடத்தியிருக்கிறேன். இரண்டாம் தடவை ஞாயிறு பள்ளியில் ஒரு பையன் கேட்டான்: "சார், நீங்க அந்த மாமாகிட்ட பேசுவீங்களா?" அவன் குசும்பாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அந்தச் செவ்வாய்க்கிழமை போனேன். சுவர் இன்றைக்கும் அதே இடத்தில்தான் நிற்கிறது. ஆனால் இப்போது பேசிக்கொள்கிறோம்.

ஒரு வசனம் எனக்குச் சொல்லப்பட்டதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் அது யாருக்குச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். வருஷப்பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோமே, அதில் எரேமியா 29:11 வந்தால் எல்லாருக்கும் சந்தோஷம். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." நல்ல வசனம்தான். ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதத்தில் ஒரு வரி. அதற்கு முந்தைய வசனம் 70 வருஷம் ஆகும் என்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பியிருக்க வழியில்லை. அப்படியானால் அவர்கள் என்ன செய்ய வேண்டும்? அதையும் அதே கடிதம் சொல்கிறது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபம்பண்ணுங்கள். அந்தப் பட்டணம் என்றால் எதிரியின் பட்டணம்!

இவ்வளவும் தெரிந்த பிறகு அந்த அட்டை இன்னும் கனமாகிறது. சவுதியில் வேலை பார்க்கிற தம்பிக்கும், மாற்றல் கிடைக்காமல் பிடிக்காத ஊரில் கிடக்கிற ஆசிரியைக்கும் அது சொல்வது, "சீக்கிரம் வெளியே வந்துவிடுவாய்" என்பதைவிட, "இருக்கிற இடத்தில் ஒரு தோட்டம் போடு" என்பதுதான்.

பிலிப்பியர் 4:13-ம் இப்படித்தான். "எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதைப் பரீட்சை எழுதப் போகிற பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கிறோம். தப்பில்லை. ஆனால் பவுல் அதைச் சிறையிலிருந்து எழுதினார். முந்தைய வரியில் பட்டினியாயிருக்கவும் தெரியும், பரிபூரணப்படவும் தெரியும் என்கிறார். பரீட்சையில் தோற்ற பிள்ளைக்குத்தான் அந்த வசனம் அதிகம் தேவை. அவனுக்கு யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

பழைய ஏற்பாட்டுச் சட்டங்களை இன்றைக்கு எப்படிக் கைக்கொள்வது? ஆட்டையும் மாட்டையும் பற்றித்தானே இருக்கிறது?

உபாகமம் 22:8 எடுத்துக்கொள்ளுங்கள். புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு, ஒருவன் விழுந்து உன் வீட்டின்மேல் இரத்தப்பழி வராதபடிக்கு என்கிறது. மொட்டை மாடி வீட்டில் இருக்கிற நமக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம். சட்டத்தின் உள்ளே இருக்கிற கவலை என்ன? என் கட்டடத்தால் அடுத்தவன் உயிருக்கு ஆபத்து வரக்கூடாது. யாத்திராகமம் 21-லும் அப்படியே: குழி வெட்டி மூடாமல் விட்டு, அதில் மாடு விழுந்தால் குழிக்காரன் ஈடு கொடுக்க வேண்டும். மூடாத ஆழ்துளைக் கிணற்றில் குழந்தை விழுந்த செய்தியை எத்தனை தடவை பார்த்துவிட்டோம்!

ஒரு வெள்ளிக்கிழமை இந்தப் பகுதியைப் படித்துவிட்டு, எங்கள் கோயிலைச் சுற்றி ஒரு நடை போனோம். வடக்கு வாசல் படியில் பிடித்து ஏறக் கம்பி இல்லை. கழிப்பறைத் தொட்டியின் மூடி உடைந்து, மேலே ஒரு பலகை போட்டிருந்தது. ஓடி விளையாடுகிற பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். இரண்டையும் சரிசெய்ய ஒரு மாதம் ஆனது. உபாகமத்தை அத்தனை உருப்படியாக அதற்குமுன் நாங்கள் படித்ததில்லை.

எந்தத் தமிழ் வேதாகமத்தை வாசிப்பது நல்லது?

1871-ல் பவர் ஐயர் (குருவானவரை நாங்கள் ஐயர் என்போம்) குழுவினர் முடித்த மொழிபெயர்ப்புதான் பெரும்பாலான சபைகளின் காதில் ஊறியது. மனப்பாடத்துக்கு அதைவிட்டால் வேறு இல்லை. ஆனால் சில சொற்களின் பொருள் நம் காலத்தில் நகர்ந்துவிட்டது. பேதுரு விசுவாசிகளைப் "பரதேசிகள்" என்கிறபோது வெளியூரில் தங்கியிருக்கிறவர்கள் என்று பொருள். இன்றைக்கு அது திட்டுகிற வார்த்தை. "விசாரணை" என்றால் இன்று போலீஸ் ஞாபகம் வருகிறது. வேதத்தில் அது ஒருவரைக் கவனித்துப் பராமரிப்பது. ஆகவே பக்கத்தில் 1995-ல் வெளிவந்த திருவிவிலியத்தையோ வேறொரு எளிய மொழிபெயர்ப்பையோ வைத்துக்கொண்டு ஒப்பிட்டு வாசியுங்கள். கத்தோலிக்கர் வீட்டில் மருமகளாய்ப் போன பெண் கூட்டத்துக்கு வந்தால் அவள் கையிலிருக்கிறதை வாசிக்கச் சொல்லுங்கள். பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

சபை வளர்ச்சி என்றால் என்ன? ஆள் கூடுவதா, ஆவிக்குரிய ஆழமா?

இந்தக் கேள்வியை இப்படி இரண்டாகப் பிளந்து கேட்பதே எனக்குப் பிடிப்பதில்லை. ஆள் வராத சபைக்காரர்கள் "ஆழம்" என்பார்கள். ஆள் நிறைந்த சபைக்காரர்கள் "கனி" என்பார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் கூச்சமில்லாமல் எண்ணிக்கை சொல்கிறது: 2-ஆம் அதிகாரத்தில் மூவாயிரம் பேர், 4-ஆம் அதிகாரத்தில் ஐயாயிரம். ஆனால் அடுத்து வருகிற 6-ஆம் அதிகாரத்தைத்தான் நான் சபை வளர்ச்சிப் பாடத்துக்கு எடுப்பேன். அதில் முதல் ஏழு வசனம்தான், உட்கார்ந்து வாசியுங்கள்.

முதல் வசனத்தில் ஒரு முறுமுறுப்பு. கிரேக்க மொழி பேசுகிற யூத விசுவாசிகள், தங்கள் விதவைகள் "அன்றாட விசாரணையில் திட்டமாய் விசாரிக்கப்படவில்லை" என்கிறார்கள். அதாவது தினச் சாப்பாடு பங்கிடுவதில் ஓரவஞ்சனை. உள்ளூர் எபிரெய விதவைக்குக் கிடைக்கிறது, வேற்று மொழிக்காரிக்கு விட்டுப்போகிறது. பரிசுத்த ஆவி இறங்கின பெந்தெகொஸ்தே நாளைக் கண்ட சபை, அப்போஸ்தலர்கள் உயிரோடு இருக்கிற சபை, அங்கேயே இந்தக் கதை!

அப்போஸ்தலர்கள் என்ன செய்யவில்லை என்று பாருங்கள். "முறுமுறுக்கிறது பாவம்" என்று பிரசங்கம் பண்ணவில்லை. உபவாசக் கூட்டம் போட்டு விஷயத்தைத் தள்ளிவைக்கவும் இல்லை. சபை முழுவதையும் கூப்பிட்டார்கள். நாங்கள் வசனத்தை விட்டுவிட்டுப் பந்தி விசாரணை செய்வது தகாது, நற்சாட்சி பெற்ற ஏழு பேரை நீங்களே தெரிந்தெடுங்கள் என்றார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயரைப் படியுங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர். அந்தக் காலத்து யூதர்களில் எபிரெயக்காரர் சிலருக்கும் கிரேக்கப் பெயர் உண்டு என்பதால் இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் குறை சொன்ன தரப்பிடமே சபை உக்கிராண அறைச் சாவியைக் கொடுத்தது என்றுதான் எனக்குப் படுகிறது. நம் கமிட்டியில் இது நடக்குமா?

பிறகு ஏழாம் வசனம்: "தேவவசனம் விருத்தியடைந்தது; சீஷருடைய தொகை எருசலேமில் மிகவும் பெருகிற்று." முதல் வசனத்தில் முறுமுறுப்பு, ஏழாம் வசனத்தில் பெருக்கம். நடுவில் இருப்பது சாப்பாட்டுப் பந்தி சரியானது மட்டும்தான். சபை வளர்ச்சிக் கருத்தரங்குக்குப் போகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: உங்கள் சபையில் பந்தியில் விட்டுப்போன விதவை யார்? அது உண்மையான விதவையாகவே இருக்கலாம். மருமகளாய் வந்து ஐந்து வருஷமாகியும் பாடகர் குழுவில் சேர்க்கப்படாத பெண்ணாகவும் இருக்கலாம். திருவிருந்துக்குத் தனியே நடந்து வர முடியாத தாத்தாவாகவும் இருக்கலாம்.

எண்ணிக்கை சிறியது என்று வருந்துகிறவர்களுக்கு ஒரு தகவல். 1780-ல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் இருந்தது 40 பெயர்கள். முதலில் நின்றவர் குளோரிந்தா, 1778-ல் ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற பிராமண விதவை. 1785-ல் பிரதிஷ்டையான சிற்றாலயத்தைக் கட்டியவரும் அவரே. திருநெல்வேலிச் சபை வரலாறே ஒரு விதவையின் பெயரிலிருந்து தொடங்குகிறது.

எங்கள் சபையில் இரண்டு கோஷ்டி. கமிட்டித் தேர்தலுக்குப் பிறகு சேர்ந்து உட்காரக்கூட மாட்டோம் என்கிறார்கள். என்ன செய்ய?

மத்தேயு 18:15 முதல் 17 வரை இயேசு வரிசை சொல்லிக் கொடுத்திருக்கிறார். முதலில் "நீயும் அவனும் தனித்திருக்கையில்". கேட்கவில்லையென்றால் இன்னும் ஒன்றிரண்டு பேரோடு. அதற்கும் கேட்கவில்லையென்றால் சபைக்குச் சொல். நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் டீக்கடையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் சபைக்குச் சொல்லிவிடுகிறோம். பிறகு இரண்டு மூன்று பேரை நம் பக்கம் சேர்க்கிறோம். சம்பந்தப்பட்ட ஆளிடம் மட்டும் கடைசி வரை பேசுவதில்லை.

அந்தப் பகுதியின் நோக்கத்தையும் கவனியுங்கள். அவன் செவிகொடுத்தால் "உன் சகோதரனை ஆதாயப்படுத்திக்கொண்டாய்" என்கிறது. வழக்கில் ஜெயித்தாய் என்று சொல்லவில்லை. அப்புறம், வீட்டு ஜெபத்துக்கு நான்கு பேர் மட்டும் வந்தால் "இரண்டுபேராவது மூன்றுபேராவது" என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறோமே, அந்த வசனமும் இதே பகுதியில்தான் வருகிறது. பிரிந்த இருவரை ஒன்றாக்க முயல்கிறவர்கள் நடுவில் நான் இருக்கிறேன் என்றுதான் அதை முதலில் வாசிக்க வேண்டும்.

நடைமுறையில் ஒரு யோசனை. இரண்டு தரப்பையும் சமாதானக் கூட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள். வரமாட்டார்கள், வந்தாலும் பழைய கணக்கைத்தான் எடுப்பார்கள். அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, கறி வெட்ட, விறகு பிளக்க, வெங்காயம் உரிக்க இரண்டு தரப்பிலும் ஆளைப் போடுங்கள். வெங்காயம் உரிக்கிற இடத்தில் யாரும் ரொம்ப நேரம் முறைத்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் பண முறைகேடோ, பிள்ளைகளிடம் தவறான நடத்தையோ சம்பந்தப்பட்டிருந்தால் இந்த அசன வைத்தியம் செல்லாது. அங்கே சமாதானம் என்ற பேரில் மூடி மறைப்பது பாவம். சட்டம் இருக்கிறது, காவல் நிலையம் இருக்கிறது, போக வேண்டும்.

சாதியைப் பற்றி வேதபாடத்தில் பேசலாமா? பேசினால் சபை உடைந்துவிடும் என்கிறார்கள்.

பேசாமலே உடைந்துதானே இருக்கிறது? சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூடப் பிரிவு இருப்பது நமக்குத் தெரியாததா?

வேதத்தில் இதற்கு நேரான பகுதி கலாத்தியர் 2. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதி, அதாவது யூதரல்லாத, விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். அவரைப் பார்த்துப் பர்னபாவும் விலகினார். பேதுருவின் உபதேசத்தில் பிசகு ஒன்றும் இல்லை. சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம், அவ்வளவே. பவுல் அதைத் தனிப்பட்ட பலவீனம் என்று விடாமல், சுவிசேஷத்தின் சத்தியத்துக்குச் சரியாக நடக்கவில்லை என்று எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தார். யாரோடு சாப்பிடுகிறோம் என்பது சுவிசேஷ விஷயம் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நம் சபைகளில் இது புதிய சண்டையும் இல்லை. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே போனார்கள். தனித்தனியே உட்காருவதும், திருவிருந்துப் பாத்திரத்தில் யார் முதலில் குடிப்பது என்பதும் அன்றைக்குப் பெரிய பிரச்சினை. கீர்த்தனைகளால் நம் ஆராதனையை நிறைத்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்கூட மிஷனரிகளின் சாதி எதிர்ப்பை எதிர்த்து நின்றார். அவர் பாட்டை நான் நேசிக்கிறேன், பாடுகிறேன். இந்த விஷயத்தில் அவர் பக்கம் நிற்க முடியாது.

இன்றைக்கு உட்காருகிற இடத்தில் வேற்றுமை அநேகமாகப் போய்விட்டது. அது ஒதுங்கியிருக்கும் இடம் கல்யாணப் பத்திரிகையும் தேர்தல் பட்டியலும். ஆகவே "நாம் எல்லாரும் ஒன்று" என்ற பிரசங்கம் பிரயோஜனப்படாது. இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: கடந்த ஒரு வருஷத்தில் உங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்த சபையார் யார் யார்? எங்கள் கூட்டத்தில் இதைக் கேட்டபோது ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. நானும்தான்.

தசமபாகம் கட்டாயமா? காணிக்கை குறைந்துகொண்டே போகிறது.

புதிய ஏற்பாட்டில் பவுல் சதவீதம் சொல்லவில்லை. விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடி கொடு என்கிறார். வாரத்தின் முதல் நாளில் வரவுக்குத் தக்கபடி எடுத்து வை என்கிறார். பத்தில் ஒன்று நல்ல அளவுகோல்தான். ஆனால் மாதம் பத்தாயிரம் சம்பாதிக்கிற வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் தருவதும், இரண்டு லட்சம் வாங்குகிறவர் இருபதாயிரம் தருவதும் ஒரே பாரம் இல்லை.

காணிக்கை குறைவதற்குப் பக்தி குறைவு மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. 2 கொரிந்தியர் 8-இல் பவுல் எருசலேமின் தரித்திரருக்காகச் சேர்த்த பணத்தைக் கொண்டுபோகத் தன்னோடு வேறு ஆட்களையும் அனுப்புகிறார். ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு என்று காரணமும் சொல்கிறார். அப்போஸ்தலனுக்கே தணிக்கை தேவைப்பட்டது. அறிவிப்புப் பலகையில் மாதாமாதம் வரவு செலவைப் பைசா சுத்தமாக ஒட்டுகிற சபையில் காணிக்கை ஏறுவதை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, பணம் எங்கே போகிறது என்று கொடுக்கிறவன் கண்ணால் காண வேண்டும். 1830-ல் ரேனியஸ் ஐயர் திருநெல்வேலியில் தர்ம சங்கம் ஆரம்பித்தபோது, விசுவாசத்தினிமித்தம் ஊரைவிட்டு விரட்டப்பட்டவர்களைக் குடியேற்ற நிலம் வாங்குவதே நோக்கம். அடுப்பில் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்த நம் பாட்டிமார்களுக்கும் அந்த அரிசி எந்த ஊழியத்துக்கு என்று தெரியும். மிசோரம் சபைகளில் அந்தக் கைப்பிடி அரிசி வழக்கம் இன்றைக்கும் பெரிய ஊழியங்களைத் தாங்குகிறது. பானை பக்கத்தில் இன்னொரு டப்பா, அவ்வளவுதான் ஏற்பாடு. இப்போது கியூஆர் கோடு வந்துவிட்டது, அதுவும் சரிதான். ஆனால் சமைக்கிற பெண் தினமும் ஒருமுறை சபையை நினைத்த அந்த நிமிஷத்துக்கு மாற்று கிடைக்கவில்லை.

எல்லாவற்றையும் ஐயர்தானே செய்ய வேண்டும்? அதற்குத்தானே அவருக்குச் சம்பளம்?

மோசேக்கே அது முடியவில்லை. மாமனார் எத்திரோ வந்து பார்த்துவிட்டு, இப்படியே போனால் நீயும் தொய்ந்துபோவாய், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்று யாத்திராகமம் 18-இல் சொல்கிறார். ஒரு சேகரத்தில் ஏழெட்டு ஊர்ச் சபைகளை வைத்துக்கொண்டு ஓடுகிற ஐயரிடம் போய், "எங்க வீட்டுக்கு ஜெபம் பண்ண வரல" என்று கோபிக்கிறவர்கள், பக்கத்து வீட்டு நோயாளியைத் தாங்கள் போய்ப் பார்த்தார்களா என்று முதலில் சொல்லட்டும்.

வாலிபர்கள் வருவதில்லை. வந்தாலும் பின்வரிசையில் உட்கார்ந்து போனைப் பார்க்கிறார்கள்.

பாதிப் பேர் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். அது பக்திக் குறைவு இல்லை, பிழைப்பு. அவர்கள் எந்த ஊரில் எந்தச் சபைக்குப் போகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து மாதம் ஒருமுறை போன் பண்ணுகிற அத்தை ஒருவர் இருந்தால் போதும். ஊரில் இருக்கிறவர்களுக்குக் கிறிஸ்துமஸ் குடில் கட்டுகிற வேலையும் நாற்காலி தூக்குகிற வேலையும் மட்டும் கொடுக்காதீர்கள். கணக்கு எழுதவும் பாடம் நடத்தவும் விடுங்கள். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினது, "உன் இளமையைக் குறித்து ஒருவனும் உன்னை அசட்டை பண்ணாதபடிக்கு" என்று. அந்த வசனத்தை வாலிபர்களிடம் வாசிப்பதைவிடக் கமிட்டிக் கூட்டத்தில் வாசிப்பது நல்லது.

பக்கத்து ஊரில் பெரிய சபை வந்துவிட்டது. எங்கள் ஆட்கள் அங்கே போகிறார்கள்.

போனவர்களைத் திட்டாதீர்கள். ஒருவரையாவது நேரில் பார்த்து, ஏன் போனீர்கள் என்று கேளுங்கள். எதிர்வாதம் செய்யாமல் கேளுங்கள். இசையும் விளக்கும் காரணமாயிருக்கும் என்று நினைத்துப் போனேன். நான் கேட்ட ஒருவர் சொன்னது: "எங்க அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்ப அங்கயிருந்துதான் ஆள் வந்தாங்க." திரும்பவும் பந்தி விசாரணைதான்.

சுவிசேஷம் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை, பேச்சும் வராது. நான் எப்படிச் சாட்சியாயிருப்பது?

தூத்துக்குடிச் சீமையில் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியா, 1903-ல் திருநெல்வேலியின் இந்திய மிஷனரி சங்கம் உருவாகக் காரணமாயிருந்தவர்களில் ஒருவர். 1912-ல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லில் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப்பானார். அங்கே ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தங்கள் தலைமேல் கையை வைத்து, "நான் ஞானஸ்நானம் பெற்றவன், சுவிசேஷத்தைப் பிரசங்கியாவிட்டால் எனக்கு ஐயோ" என்று சொல்லச் செய்வார். அவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாத ஏழைக் கூலிக்காரர்கள். பேச்சு வராது என்று அவர்களும் சொல்லியிருக்கலாம்.

அக்கம்பக்கத்தார் நம்மைப் பிரசங்கத்தில் பார்ப்பதில்லை. தெருக்குழாயில், வாடகை வாங்குவதில், கடன் திருப்பித் தருவதில் பார்க்கிறார்கள். அவர்களாகக் கேட்டால் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள், அதுவும் சாந்தத்தோடே என்று பேதுரு சொல்கிறார். கேட்காதவர் கையில் துண்டுப்பிரதியைத் திணிப்பதும், அவர்கள் சாமியை இழிவாகப் பேசுவதும் சாட்சி ஆகாது. யாரையும் ஆசை காட்டியோ பயம் காட்டியோ இழுப்பது சுவிசேஷத்துக்கே அவமானம்.

குடும்ப ஜெபம் நடத்த நேரமே இல்லை.

அரைமணி நேரம் என்று ஆரம்பித்தால் மூன்றாம் நாள் நின்றுவிடும். ஒரு பாட்டு, ஐந்து வசனம், ஆளுக்கு ஒரு வரி ஜெபம், பத்து நிமிஷம். மாமியாரைத் திருத்தும்படி மருமகளும் மருமகளைத் திருத்தும்படி மாமியாரும் சத்தமாக ஜெபிக்கிற வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

சரி, வேதபாடக் கூட்டத்தை நாங்களே நடத்துவது எப்படி?

எட்டுப் பேர் போதும், பன்னிரண்டைத் தாண்டினால் இரண்டாகப் பிரியுங்கள். ஒரே பகுதி, பதினைந்து வசனத்துக்கு மேல் வேண்டாம். ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் புத்தகத்தை மூடிவிட்டுக் காதால் கேட்கட்டும். நம் பாட்டிமார் அப்படித்தான் வேதம் கற்றார்கள். பிறகு, இது யாருக்கு, எந்த நிலைமையில் சொல்லப்பட்டது, இதில் தேவனைப் பற்றி என்ன தெரிகிறது என்று பேசுங்கள். கடைசியில் ஒவ்வொருவரும் அடுத்த வெள்ளிக்குள் செய்யப்போகிற ஒரே ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். அடுத்த கூட்டம் பாட்டில் தொடங்கக் கூடாது; "போன வாரம் சொன்னதைச் செய்தீர்களா?" என்ற கேள்வியில்தான் தொடங்க வேண்டும். இந்த ஒரு கேள்விக்காகவே இரண்டு பேர் கூட்டத்தை விட்டு நின்றுவிடுவார்கள். பரவாயில்லை.

செய்யவில்லை என்று சொல்கிறவரை யாரும் கண்டிக்கக் கூடாது. கூட்டத்தில் பேசுவது வெளியே போகவும் கூடாது. இது இரண்டையும் முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

எங்கள் கூட்டத்தில் முதல் ஐந்தாறு வாரம் அந்தக் கேள்விக்கு மௌனம்தான் பதில். ஒரு வாரம் லூக்கா 19, சகேயு கதை படித்தோம். அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்கிறானே, அது. அடுத்த வெள்ளி ஒரு பாட்டி மெதுவாகச் சொன்னார்: மகள் கல்யாணத்துக்கு எதிர்வீட்டில் இரவல் வாங்கின வெண்கல அண்டாவை எட்டு வருஷமாகத் திருப்பிக் கொடுக்கவில்லையாம், திங்கட்கிழமை புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாராம். "நாலு அண்டா கொடுக்க எனக்கு வசதி இல்ல தம்பி" என்றார். அதற்கு அடுத்த வாரம் இன்னொருவர் ஒரு ஏணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.